பெயர் உள்ள காற்றும் பெயர் இல்லாத காற்றும்

காரைக்குடியை அடுத்த மானகிரிப் பக்கம் வயதானவர்களிடம் காற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் பாம்பன் பாசஞ்சர் ரயிலைக் கடல் வாரிக்கொண்டு போன புயல் அது. அன்றைக்கு மானகிரியும் தனுஷ்கோடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள். மற்றொன்று கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, தஞ்சை, புதுக்கோட்டை மண்ணில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்து, சிவகங்கைச் சீமையையும் உலுக்கிவிட்டுப் போனது.

இவை பெயர் உள்ள காற்றுகள். இன்னொரு காற்றும் உண்டு. சித்திரை, வைகாசி மாலைகளில் மேற்கே கருக்கல் கட்டி, அரை மணி நேரத்தில் புழுதியும் இடியுமாக வந்து, கொட்டகைத் தகரத்தைப் பெயர்த்துவிட்டு இருட்டும் முன் ஓய்ந்துவிடும். அதற்குப் பெயரில்லை. எந்த ஆண்டு, எந்தத் தேதி என்று யாரும் குறித்து வைப்பதுமில்லை. பெயர் உள்ள காற்றுக்கு நாம் தயாராகக் கற்றுக்கொண்டோம். பெயர் இல்லாத காற்றுக்கு இன்னும் கற்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாம் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பது தெளிவாகும்.

பிறப்பும் அளவும்

புயல் கடலின் பிள்ளை. கஜா வங்கக்கடலில் உருவாகிக் கரையைத் தொடப் பல நாட்கள் எடுத்துக்கொண்டது. அதன் மேகக்கூட்டம் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. செயற்கைக்கோள் படத்தில் அது சுழல்வதைச் சென்னையிலும் பார்த்தார்கள், கொழும்பிலும் பார்த்தார்கள். பெயரும் முன்பே தயாராக இருந்தது. வட இந்தியப் பெருங்கடல் நாடுகள் 2004 முதல் புயல்களுக்குப் பெயரிடுகின்றன. யானையைக் குறிக்கும் ‘கஜா’ என்ற பெயரைத் தந்தது இலங்கை.

கோடை இடிமழை தரையின் பிள்ளை. செட்டிநாட்டுச் செம்மண் காலை முதல் காய்கிறது. நண்பகலுக்குப் பின் சூடான காற்று மேலே கிளம்புகிறது. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்கரையிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நுழைகிறது. மேலடுக்கில் மேற்கிலிருந்து காற்று வருகிறது. இவை சந்திக்கும் இடத்தில் மேகம் ஒரு மணி நேரத்துக்குள் 12 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடும். வானொலியும் தொலைக்காட்சியும் ‘வெப்பச் சலனம்’ என்று சொல்வது இதைத்தான். அகலம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். தனி மேகமாக இருந்தால் ஆயுள் ஒரு மணி நேரம்கூட இராது. காலையில் வானத்தைப் பார்த்தவருக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது.

காற்று வீசும் விதத்திலும் வேறுபாடு உண்டு. புயலில் காற்று ஒரு மையத்தைச் சுற்றி ஓடுகிறது. இடிமழையில் காற்று மேலிருந்து விழுகிறது. மழையால் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கித் தரையில் மோதி, குடத்து நீரைத் திண்ணையில் கொட்டினால் நாலாபக்கமும் ஓடுவதுபோலப் பரவுகிறது. பகலெல்லாம் வெந்த காற்று சட்டென்று குளிர்ந்து மண்வாசனை வருகிறதே, அந்த நொடி நமக்கெல்லாம் இனிமையானது. ஆனால் அந்தக் குளிர் மேகத்தின் வயிற்றிலிருந்து விழுந்த காற்றின் முன்வரிசை. அது முகத்தில் பட்டுவிட்டால் நமக்கு மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள்தான்.

எச்சரிக்கை: மூன்று நாளும் மூன்று மணியும்

1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு நான்கு படிகளில் எச்சரிக்கிறது. முதல் அறிவிப்பு 72 மணி நேரத்துக்கு முன், அடுத்தது 48 மணிக்கு முன், மூன்றாவது 24 மணிக்கு முன், கடைசியாகக் கரையேறிய பின் எந்தப் பக்கம் நகரும் என்பதை 12 மணிக்கு முன். துறைமுகங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை எச்சரிக்கைக் கூண்டுகள் ஏறுகின்றன. மீனவர் கரைக்கு வருகிறார், பள்ளிக்கு விடுமுறை விடப்படுகிறது, வருவாய்த் துறையினர் வீடு வீடாக வருகிறார்கள். கஜாவின்போது 70,000-க்கும் மேற்பட்ட மக்கள் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலனை ஒடிசா காட்டியிருக்கிறது. அங்கே 1999-இல் வந்த பெரும்புயலில் இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். 2013-இல் பைலின் என்ற கடும்புயல் அதே கரையைத் தாக்கியபோது, முன்னதாகவே பத்து லட்சம் பேர் அளவில் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். உயிரிழப்பு நூறைத் தொடவில்லை. காற்றின் சீற்றம் குறைந்துவிடவில்லை. மனிதர்கள் அதன் பாதையிலிருந்து விலக நேரம் கிடைத்திருந்தது.

இடிமழைக்கு எச்சரிக்கையே இல்லை என்று சொல்ல முடியாது. மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு வருகிறது. அதற்கு வண்ணங்கள் உண்டு. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். காற்று மணிக்கு 41 முதல் 61 கிலோமீட்டர் வரை போனால் மிதமான இடிமழை, 62-ஐத் தாண்டினால் கடுமையானது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. மின்னலுக்கென்றே புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘தாமினி’ என்ற செயலியைத் தந்திருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுகிறதா என்று அது காட்டும்.

ஆக, எச்சரிக்கை வருகிறது. ஆனால் நம்மிடம் தங்குவதில்லை. காரணம் அதன் பரப்பு. சிவகங்கை மாவட்டம் 4,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. இடிமழை மேகம் அதில் ஒரு மூலையை மட்டும் நனைத்துவிட்டுப் போகும். இளையான்குடியில் கொட்டும் மழை சிங்கம்புணரிக்குத் தெரியாது. அறிவிப்பில் வரும் ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லுக்கு வானிலைத் துறையில் அளவு இருக்கிறது. மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை என்று பொருள். அப்படியானால் பல ஊர்களுக்கு அந்த மாலை வறண்டே கழியும். நாலு தடவை செய்தி வந்து நாலு தடவையும் வானம் பொய்த்தால் ஐந்தாவது செய்தியை யார் திறந்து பார்ப்பார்கள்?

இதே சிக்கல் அமெரிக்காவிலும் இருந்தது. அங்கு இடிமழை எச்சரிக்கையை மாவட்ட எல்லைப்படி கொடுத்து வந்தவர்கள், 2007 முதல் மேகம் போகும் வழியை மட்டும் வரைபடத்தில் கட்டங்கட்டி, அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். எச்சரிக்கப்படும் பரப்பு சுருங்கியது. நமக்கும் அந்தத் திசையில்தான் வழி. ஆனால் அதற்கு ரேடார்கள் நெருக்கமாக வேண்டும். இந்தப் பகுதியைப் பார்க்கும் டாப்ளர் ரேடார்களில் ஒன்று காரைக்காலில் இருக்கிறது. மானகிரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால் அவ்வளவு தொலைவில் ரேடாரின் கதிர் நம் தலைக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் உயரே போய்விடும். மேகத்தின் உச்சியை அது பார்த்துவிடும். தகரத்தைப் பெயர்க்கும் தரைக்காற்றைப் பார்ப்பது அதற்குக் கடினம். பல நூறு கிலோமீட்டர் அகலப் புயலுக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. பத்துக் கிலோமீட்டர் மேகத்துக்கு அதுவே பெருங்குறை.

இழப்பின் கணக்கு

2018-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். நவம்பரில் கஜா வந்தது. தமிழகத்தில் சுமார் 60 உயிர்கள் போயின. அந்த ஆண்டு மே 2 இரவு உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் புழுதிக்காற்றோடு இடிமழை அடித்தது. ஆக்ரா, பரத்பூர், ஆல்வார், தோல்பூர்ப் பக்கங்களில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தூக்கத்தில், சுவரும் கூரையும் மேலே விழுந்து மாண்டவர்கள். கஜாவின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. அந்த மே மாத இரவுக்குப் பெயரே இல்லை.

மின்னல் கணக்கு இன்னும் கனமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2022-இல் இந்தியாவில் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் அந்த ஆண்டு இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். புயல் ஒரே நாளில் ஒரு மாவட்டத்தையே அழவைக்கிறது. மின்னல் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று தனித்தனியாக அழவைக்கிறது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரியோடு அது முடிந்துவிடுகிறது.

யார் இறக்கிறார்கள் என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. புயல் கடலோரத்தாரையும் பலவீனமான வீட்டில் இருப்பவரையும் தேடி வருகிறது. இடிமழை வெளியே இருப்பவரைத் தேடி வருகிறது. நம் பக்கத்தில் அது யார்? கதிர் அறுத்த வயலில் செம்மறிக்குக் கிடை போட்டிருக்கும் கீதாரி. கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை முடித்து மண்வெட்டியைத் தோளில் போட்டு நடக்கும் பெண்கள். மாடு பிடிக்கப் போன பையன். அவர்கள் எல்லாரும் மழைக்கு ஒதுங்குவது புளியமரத்தடியில். அந்த மரமே அவர்களுக்கு எமன்.

மரத்தில் விழும் மின்னல் பக்கவாட்டில் தாவி, ஈரமான மனித உடலை எளிய வழியாகக் கொள்கிறது. தரைக்குள் இறங்கிய பின்னும் அது பரவுகிறது. அகல நிற்கும் கால்களின் வழியே ஏறி இறங்குகிறது. மரத்தடியில் கூடிய ஆடுகள் மொத்தமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். பனை இடிதாங்கி என்று ஊரில் சொல்வதில் உண்மை உண்டு. மின்னல் உயிரிழப்பைக் குறைக்கப் பனைகளை நடும் திட்டத்தை ஒடிசா அரசே எடுத்திருக்கிறது. ஆனால் பனை தாங்குவது தூரத்தில் இருப்பவருக்காக. அதன் அடியில் நிற்பவரை அது காப்பாற்றாது.

ஆலங்கட்டி: இங்கே வியப்பு, அங்கே அச்சம்

புயலில் இல்லாத ஒரு பொருள் இடிமழையில் உண்டு. அது ஆலங்கட்டி. ‘ஆலி’ என்ற சொல் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. நம் முன்னோர் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் தென்தமிழகச் சமவெளியில் அது அரிது. இங்கே வானம் உறைநிலையைத் தொடும் உயரம் சுமார் ஐந்து கிலோமீட்டர். மேகத்தின் உச்சியில் உருளும் பனிக்கட்டி கீழே வருவதற்குள் அந்த ஐந்து கிலோமீட்டர் வெம்மையில் பெரும்பாலும் கரைந்து, கனத்த துளியாகிவிடுகிறது. மேலே தள்ளும் காற்று மிகப் பலமாக இருந்து, கட்டி பெரிதாக வளர்ந்தால் மட்டுமே அது முழுதாக நம் முற்றத்தை எட்டும்.

வடக்கே கதை வேறு. 1888 ஏப்ரல் 30-இல் மொராதாபாத்தில் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தார்கள். ஆலங்கட்டியால் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பாக உலக வானிலை அமைப்பு அதைப் பதிவு செய்திருக்கிறது. 1986 ஏப்ரல் 14-இல் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த கட்டி ஒன்றின் எடை 1.02 கிலோ.

நம் ஊரில் ஆலங்கட்டி விழுந்தால் பிள்ளைகள் டம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறார்கள். பெரியவர்களும் சிரித்தபடி பார்த்து நிற்கிறோம். அந்த வியப்பு அழகானது. ஆனால் கட்டியைக் கீழே விடாமல் தாங்கிப் பிடித்து வளர்த்த அதே மேகம்தான் பலத்த காற்றையும் மின்னலையும் வைத்திருக்கிறது. கட்டி விழுகிறது என்றால் நம் தலைக்கு மேல் இருப்பது சாதாரண மேகம் இல்லை என்று பொருள். பிள்ளைகளை உள்ளே அழைத்து, ஜன்னல் கண்ணாடியை விட்டுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். வெளியே மாட்டிக்கொண்டவர் அன்னக்கூடை, சாக்கு, மடித்த துண்டு என்று கைக்குக் கிடைத்ததால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு சுவர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். கட்டிகள் முழுதாக ஓய்ந்து, இடியும் அடங்கிய பிறகு பொறுக்கலாம்.

கூரையும் கட்டும்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கூரையைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். புயல் மணிக்கணக்கில் வீசி வீட்டின் பொறுமையைச் சோதிக்கிறது. இடிமழைக் காற்று ஐந்து நிமிடமே வீசி, வீட்டில் மிகப் பலவீனமான ஓர் இணைப்பைத் தேடிப் பிடிக்கிறது.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கனத்த சுவர், அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வாசல்கள், நடுவே திறந்த முற்றம். வெயிலுக்கும் மழைக்கும் நூறாண்டு ஈடுகொடுத்தவை அவை. அவற்றின் குறை விளிம்பில் இருக்கிறது. தளர்ந்த ஓட்டை ஒரு வலுத்த காற்று தூக்கினால், பின்னால் இருக்கும் ஓடுகளும் வரிசையாகக் கழன்றுவிடும். அருகிலேயே பிற்காலத்தில் இறக்கிய தகரக் கொட்டகை நிற்கிறது. அதில் சுவர் பாதி, கூரை முழுதும். காற்று அடியில் புகுந்து மேலே தூக்குகிறது. மேலே இருக்கும் காலித் தண்ணீர்த் தொட்டி உருண்டு போகிறது. பறக்கும் தகரம் கத்திக்குச் சமம்.

திருவிழாப் பந்தலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புயல் காலமான ஐப்பசி, கார்த்திகையில் நாம் வீட்டுக்குள் இருக்கிறோம். இடிமழைக் காலமான சித்திரை, வைகாசியில் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று தெருவில் இருக்கிறோம். மாலை ஐந்து மணிப் பந்தலுக்கு அடியில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. மேலே சீரியல் விளக்கின் மின்கம்பி, பக்கத்தில் ஆளுயரத் தட்டி. காற்று ஏறத் தொடங்கினால் பந்தலில் இருப்போரை மண்டபத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மாற்றுவது விழாக் குழுவினரின் முதல் கடமை. மின்சாரத்தை அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

ஓய்ந்தது போலத் தோன்றும் வேளை

இவ்வளவு வேறுபட்ட இரண்டு காற்றுக்கும் ஒரே மாதிரியான ஒரு வஞ்சகம் உண்டு. புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று நின்று வானம் தெளிகிறது. முடிந்துவிட்டதென்று வெளியே வருபவர்களை, எதிர்த்திசையிலிருந்து மறுபாதிப் புயல் அடிக்கிறது. இதைக் கடலோரத்தார் பட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இடிமழையிலும் அப்படி ஒரு வேளை உண்டு. தூறல் நின்று, மேற்கே வெளிச்சம் வந்ததும் நாம் வயலுக்கு இறங்குகிறோம். மேகம் நகர்ந்து போயிருந்தாலும் அது பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்துகூட மின்னலை வீச முடியும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது நொடிக்குள் என்றால் ஆபத்து எட்டும் தொலைவில் இருக்கிறது. அப்போதே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். இடி கேட்டதும் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே கூரைக்குள் ஓடுவோம். முப்பது நிமிடம் அங்கேயே சொல்லிக்கொண்டிருப்போம்.

முகாமும் திறந்த கதவும்

புயலுக்கு வேண்டிய ஏற்பாடு பெரியது. அரசால் மட்டுமே முடியும். ரேடார், கப்பல், பேருந்து, முகாம் எல்லாம் வேண்டும். நமக்கு வேண்டியது சொன்னதைக் கேட்டுப் புறப்படும் மனம். இடிமழைக்கு வேண்டியது சிறியது. ஆனால் அதை ஊர்தான் செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் எந்த அதிகாரியும் மானகிரிக்கு வந்து சேர முடியாது. ஆகவே வேலையை நாளுக்குத் தகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பங்குனி முடிவதற்குள் வீட்டு மேல் சாய்ந்த கிளைகளை வெட்டி, தளர்ந்த ஓட்டை மாற்றி, தகரத்தின் விளிம்பைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு அறிவிப்பு வந்த நாளில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, டிவி, மோட்டார்ப் பிளக்கைக் கழற்றி, மாட்டை மரத்தடியிலிருந்து அவிழ்த்துக் கட்ட வேண்டும். நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளரின் கைப்பேசிக்கும் கோயில் ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். இடி கேட்டதும் கண்மாயில் குளிப்பவர் கரையேற வேண்டும், டிராக்டரிலும் சைக்கிளிலும் இருப்பவர் இறங்க வேண்டும். கதவடைத்த காரும் பேருந்தும் பாதுகாப்பானவை. வெட்டவெளியில் வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டவர் படுக்கக் கூடாது. பாதங்களை ஒட்டிவைத்துக் குந்தி, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மின்னல் பட்டவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தயங்காமல் தொட்டு, மூச்சில்லையென்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். காற்றுக்கு முன்பே அவற்றின் கதவு திறக்கப்படுகிறது. இடிமழைக்கு அப்படிப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். செட்டிநாட்டில் கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, கடல் கடந்து போனவர்கள் பூட்டி வைத்த பெரிய வீடுகளும் இருக்கின்றன. அவற்றின் வாசலுக்கு நூறடி தள்ளிப் புளியமரத்தடியில் கீதாரி நிற்கிறார். எந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கும், முதல் இடிக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைச் சித்திரை பிறக்கும் முன் ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவு செய்வோம். வெளியூரிலிருந்து கிடை போட வருபவருக்கும் அந்தக் கதவைக் காட்டி வைப்போம்.